மீண்டும் லாவோஸ்

நுழையும்முன்

புதிய இடங்களைக் கண்டு மகிழ்வது மட்டும் பயணம் ஆகாது. கண்ட இடத்துக்கு மீண்டும் செல்ல விரும்புவதும், அதற்காகப் படிப்பதும், கேட்டறிவதும் கற்றலின் கூறுகளே. நம்மில் பலரும் வரைபடத்தில் மட்டுமே கண்டிருக்கும் லாவோஸ் நாட்டுக்கு இரண்டாம் முறை செல்ல ஆயத்தமாகிறார் புவியியல் ஆசிரியர் ஒருவர். அவரது திட்டத்தின் வழியாக ஒரு மண்ணின் அழகையும் அது சுமக்கும் துயரையும் இவ்வுரைநடை எடுத்துரைக்கிறது.

பயணம் செல்வோர் பெரும்பாலும் காணாத ஊரையே நாடுவர். உலகம் பெரிது; வாழ்நாள் சிறிது; பார்த்த ஊருக்கே மீண்டும் செல்வது எதற்கு என்று கேட்பாரும் உளர். ஆனால், உறவினர் வீட்டுக்கு ஒருமுறை சென்று வந்ததும் உறவு முடிந்துவிட்டது என எவரும் கருதுவதில்லை. முதல்முறை செல்லும்போது கூடத்தில் அமர்த்தி விருந்து படைப்பர். மறுமுறை செல்லும்போதுதான் அடுக்களை வரை அழைத்துச் சென்று, வீட்டின் இன்ப துன்பங்களைப் பகிர்ந்துகொள்வர். நாடுகளுக்கும் இது பொருந்தும்.

தமிழகத்துப் பள்ளியொன்றில் புவியியல் கற்பித்துவரும் ஆசிரியர் ஒருவர் 2014ஆம் ஆண்டு டிசம்பரில் லாவோசுக்குச் சென்று வந்தார். பணி நிறைவு பெறும் இவ்வாண்டில் மீண்டும் அங்கே செல்லத் திட்டமிடுகிறார். தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் எனப் பலரும் விரும்பிச் செல்லும் நாடுகள் இருக்க, லாவோசுக்கு இருமுறையா என்று உடன் பணியாற்றுவோர் வியந்தனர். அவர்களுள் சிலர் அந்நாடு எங்கிருக்கிறது என்றே கேட்டனர்.

கடலில்லாத நாடு

தென்கிழக்காசியாவில் கடற்கரையே இல்லாத ஒரே நாடு லாவோஸ். சீனா, வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து, மியான்மர் ஆகிய ஐந்து நாடுகள் அதனைச் சூழ்ந்துள்ளன. அதன் பரப்பளவு 2,36,800 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு பெரிய நிலம் அது. மக்கள்தொகையோ தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். மலையும் காடும் மிகுந்த அந்நிலத்தின் மேற்கு எல்லையில் பெரும்பகுதியை மீகாங் ஆறு வகுத்துச் செல்கிறது. கடல் இல்லாத குறையை அந்த ஆறே தீர்த்துவைக்கிறது. மீன் தருவதும் படகு செலுத்துவதும் வயலுக்கு வண்டல் சேர்ப்பதும் அதுவே.

1353ஆம் ஆண்டு பா நூம் என்னும் மன்னர் அங்கே லான் சாங் அரசை நிறுவினார். 'பத்து இலட்சம் யானைகள்' என்பது அப்பெயரின் பொருள். 1893இல் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் வந்த அந்நாடு 1953இல் முழு விடுதலை பெற்றது. 1975இல் மன்னராட்சி முடிவுற்று மக்கள் குடியரசு ஆனது. பல்வேறு மொழிகளைப் பேசும் ஐம்பது இனக்குழுக்கள் அங்கு வாழ்கின்றன.

தமிழருக்கும் அந்நாட்டுக்கும் நேரடி உறவு மிகுதியாக இல்லை. எனினும், பண்பாட்டின் நூலிழைகள் சில இரு நிலங்களையும் இணைக்கின்றன. லாவோ எழுத்து கெமர் எழுத்தின் வழிவந்தது. கெமர் எழுத்தோ பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்திலிருந்து கிளைத்தது. கதிரவன் மேட இராசியில் புகும் நாளையொட்டி, ஏப்ரல் நடுவில் நாம் சித்திரைப் புத்தாண்டைக் கொண்டாடுகிறோம். அதே நாள்களில் லாவோ மக்களும் தண்ணீர் தெளித்துப் புத்தாண்டை வரவேற்கின்றனர். அங்கும் உணவைக் கையால்தான் உண்கின்றனர். ஆவியில் வேகவைத்த பசையரிசிச் சோற்றை மூங்கில் கூடையிலிருந்து எடுத்து, விரல்களால் உருட்டித் தொடுகறியில் தோய்த்து உண்பர். தம்மைப் 'பசையரிசிச் சோற்றின் பிள்ளைகள்' என்று கூறிக்கொள்வதில் அவர்களுக்குப் பெருமிதம் உண்டு. சந்திக்கும்போது "சோறு உண்டாயிற்றா?" என்று வினவுவதும் அவர்களது வழக்கம்.

முதற்பயணம்

ஆசிரியரின் முதற்பயணம் பத்து நாள்களில் முடிந்தது. தலைநகர் வியஞ்சானில் பொன்னிறத்தில் ஒளிரும் தாட் லுவாங் தூபியைக் கண்டார். அங்கிருந்து மலைப்பாதையில் ஒரு பகல் முழுவதும் பேருந்தில் பயணம் செய்து, பழைய அரச நகரமான லுவாங் பிரபாங்கை அடைந்தார். மீகாங் ஆறும் கான் ஆறும் கூடும் இடத்தில் அமைந்த அந்நகரை 1995இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. விடியற்காலையில் காவியுடை அணிந்த துறவியர் வரிசையாக வீதிகளில் வருவர். வாயிலில் மண்டியிட்டுக் காத்திருக்கும் மக்கள், ஒவ்வொருவர் திருவோட்டிலும் ஒரு பிடி சோறு இடுவர். அங்கே பேச்சொலி எழுவதில்லை. வெறுங்காலடி ஓசை மட்டும் கேட்கும்.

பயணத்தின் இறுதிக்கட்டத்தில் ஒருநாள் மட்டும் சியாங் குவாங் மாகாணத்தின் போன்சவான் நகருக்குச் சென்றார். அந்நகரைச் சுற்றியுள்ள மேட்டுநிலமே 'ஜாடிச் சமவெளி' எனப்படுகிறது. ஆள் உயரத்துக்கும் மேற்பட்டவை உட்பட, இரண்டாயிரத்துக்கும் அதிகமான கற்சாடிகள் புல்வெளிகளிலும் குன்றுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவை இரும்புக்காலத்து மக்களின் ஈமச்சடங்குகளோடு தொடர்புடையவை என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 1930களில் மதலேன் கொலானி என்னும் பிரெஞ்சுத் தொல்லியலாளர் அவற்றை விரிவாக ஆராய்ந்தார். நம் நாட்டு முதுமக்கள் தாழிகளை அறிந்த ஆசிரியர், அக்கற்சாடிகளின் அருகில் நெடுநேரம் நின்றார்.

அங்கே அவர் கண்ட வேறொன்றும் உண்டு. நடைபாதையின் இருபுறமும் சிறு கற்கள் தரையில் பதிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பாதி வெள்ளை, மறுபாதி சிவப்பு. வெள்ளைப் பக்கத்தில் நடக்கலாம். சிவப்புப் பக்கத்தில் கால் வைக்கலாகாது. சிவப்புப் பக்கத்து மண்ணுக்கடியில் வெடிக்காத குண்டுகள் இருக்கக்கூடும் என்றார் வழிகாட்டி.

ஊர் திரும்பியதும் வகுப்பறையில் அப்பயணத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். கற்சாடிகளின் படங்களையும் இருநிறக் கற்களின் படத்தையும் காட்டினார். வேளாண் குடும்பத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்தச் சிவப்புப் பக்கத்து நிலத்துக்காரர்கள் எங்கே நெல் பயிரிடுகிறார்கள்?" என்று கேட்டாள். அவ்வினாவுக்கு விடை காண்பதே இரண்டாம் பயணத்தின் நோக்கம் ஆயிற்று.

மண்ணுக்குள் கிடக்கும் போர்

வியட்நாம் போரைப் பற்றி உலகம் அறியும். அப்போரின் நெருப்பு லாவோசையும் எரித்ததை அறிந்தோர் குறைவு. 1962ஆம் ஆண்டு ஜெனீவாவில் கையெழுத்தான உடன்படிக்கை லாவோசை நடுநிலை நாடாக ஏற்றது. ஆயினும், வட வியட்நாம் தன் படைகளுக்குப் பொருள் அனுப்பிய ஹோ சி மின் பாதை லாவோசின் கிழக்குக் காடுகள் வழியே சென்றது. வடபகுதியிலோ அரசுப்படைகளுக்கும் பதேட் லாவோ படைகளுக்கும் இடையே உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. இவ்விரு காரணங்களால் 1964 முதல் 1973 வரை அமெரிக்க வானூர்திகள் அந்நாட்டின்மீது குண்டு வீசின. 5,80,000 முறை பறந்து வீசிய குண்டுகளின் எடை இருபது இலட்சம் டன்னுக்கும் மேல். ஒன்பது ஆண்டுகள், இரவு பகலாக, எட்டு நிமிடங்களுக்கு ஒரு வானூர்திச் சுமை என்னும் கணக்கு அது. மக்கள்தொகையோடு ஒப்பிடுகையில், உலகிலேயே மிகுதியாகக் குண்டு வீசப்பட்ட நாடு லாவோஸ் என்பர்.

அவற்றுள் பெருந்தீங்கு விளைவித்தவை கொத்துக்குண்டுகள். ஒரு பெரிய உறை நடுவானில் திறந்துகொள்ள, அதனுள்ளிருந்து நூற்றுக்கணக்கான சிறுகுண்டுகள் பரவி விழும். இவ்வாறு விழுந்தவை ஏறத்தாழ இருபத்தேழு கோடி. அவற்றுள் முப்பது விழுக்காடு வரை, அதாவது எட்டுக்கோடி அளவில், வெடிக்காமல் மண்ணில் புதைந்தன. பந்தளவே உள்ள அச்சிறுகுண்டுகளை லாவோ மக்கள் 'பொம்பி' என்பர். விளையாட்டுப் பொருள் என்று எண்ணிக் குழந்தைகள் கையில் எடுத்துவிடுவதுண்டு. மண்வெட்டி படும்போது வெடிப்பதுண்டு. சமைப்பதற்காக மூட்டிய நெருப்பின் வெம்மை மண்ணுள் இறங்கி வெடிக்கச் செய்வதும் உண்டு. போர் முடிந்த பிறகும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவற்றால் உயிரையோ உறுப்பையோ இழந்தனர்.

ஆசிரியர் தம் இரண்டாம் பயணத்துக்கு ஆயத்தமாகும்போது படித்த நூல்களுள் ஒன்று, ஜாடிச் சமவெளியின் குரல்கள் எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்டது. பிரெட் பிரான்பமன் தொகுத்து 1972இல் வெளிவந்த அந்நூலில், குண்டுவீச்சுக்குத் தப்பி ஓடிவந்த சிற்றூர் மக்கள் தாமே எழுதியவையும் வரைந்தவையும் இடம்பெற்றுள்ளன. எழுதிப் பழகாத கைகள் வரைந்த அப்படங்களில் வயல், எருமை, வீடு, வானூர்தி ஆகியவை ஒரே தாளில் நிற்கின்றன. ஒரு மாகாணத்தின் வரைபடத்தில் காண முடியாத செய்தி அது.

தெரிந்து தெளிவோம்

கொத்துக்குண்டுகளைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2008இல் உருவாகி, 2010 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் உறுப்பு நாடுகளின் முதல் மாநாடு 2010 நவம்பரில் வியஞ்சானில் நடைபெற்றது. ஐக்கிய நாடுகள் அவை வகுத்த நிலைத்த வளர்ச்சி இலக்குகள் பதினேழு. லாவோஸ் தனக்கெனப் பதினெட்டாவது இலக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. வெடிக்காத குண்டுகளின் அச்சமின்றி மக்கள் வாழ்தல் என்பதே அவ்விலக்கு.

எப்போது, எவ்வழியே?

பயணத்துக்கு ஏற்ற காலம் எது என்பதே திட்டத்தின் முதல் வினா. சித்திரைப் புத்தாண்டை லாவோ மக்களோடு கொண்டாடலாம் என்னும் ஆசை ஆசிரியருக்கு இருந்தது. ஆனால், மார்ச், ஏப்ரல் மாதங்களில் மலைச்சரிவுகளை எரித்துப் பயிருக்கு ஆயத்தம் செய்வதால் வானெங்கும் புகை சூழ்ந்திருக்கும். மேலும், மாணவியின் வினா நெல்லைப் பற்றியது. லாவோசில் மழைக்கால நெல்லை ஜூன், ஜூலையில் நடுவர். அக்டோபர், நவம்பரில் அறுப்பர். நெல் விளையும் நிலம் எது, விளையாத நிலம் எது என்பதை அறுவடைக்காலத்தில் கண்ணாலேயே காணலாம். ஆகவே, புத்தாண்டு ஆசையைக் கைவிட்டு நவம்பரைத் தேர்ந்தார். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் போன்சவானில் அப்போது இரவுகள் குளிரும் என்பதால், கம்பளி ஆடையும் பொருள்பட்டியலில் சேர்ந்தது.

அடுத்தது வழி. பத்தாண்டுகளில் லாவோஸ் பெரிதும் மாறியுள்ளது. 2021 டிசம்பரில், சீன எல்லையையும் வியஞ்சானையும் இணைக்கும் நானூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொடர்வண்டிப்பாதை திறக்கப்பட்டது. முன்பு ஒரு பகல் முழுவதும் கடந்த தொலைவை இன்று இரண்டு மணி நேரத்தில் கடந்து லுவாங் பிரபாங்கை அடையலாம். 2024 ஜூலை முதல் பாங்காக்கிலிருந்து வியஞ்சானுக்கு நேரடித் தொடர்வண்டியும் ஓடுகிறது. ஆகவே, சென்னையிலிருந்து பாங்காக் வரை வானூர்தி, அதன்பின் இரவுத் தொடர்வண்டி என்று வழி முடிவாயிற்று. போன்சவானுக்கு மட்டும் மலைச்சாலை வழியே செல்வதென முடிவு செய்தார்.

விரைவான வழிகள் வந்ததில் மகிழ்ச்சி உண்டு. அவற்றின் விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தொடர்வண்டிப்பாதையால் கடன்சுமை கூடியது. ஆறுகளில் அணைகளைக் கட்டி அண்டை நாடுகளுக்கு மின்சாரம் விற்பதால், 'தென்கிழக்காசியாவின் மின்கலம்' என அந்நாடு அழைக்கப்படுகிறது. மீகாங்கின் குறுக்கே எழுந்த சயாபுரி அணை 2019இல் மின்சாரம் விற்கத் தொடங்கியது. 2018 ஜூலையில் நாட்டின் தென்பகுதியில் கட்டப்பட்டுவந்த அணைத்தொகுதி ஒன்றின் துணையணை உடைந்து சிற்றூர்கள் வெள்ளத்தில் மூழ்கின. வளர்ச்சியின் பயனையும் இழப்பையும் ஒருசேரக் கற்பிக்கும் பாடம் மீகாங் கரையில் விரிந்து கிடக்கிறது.

விட்டதும் தேர்ந்ததும்

திட்டமிடல் என்பது எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்று முடிவு செய்வதே. நாட்டின் தென்கோடியிலுள்ள சம்பாசாக் மாகாணத்தில் வாட் பூ என்னும் கோயில் உள்ளது. அதன் பின்னுள்ள மலையின் உச்சி இயற்கையிலேயே இலிங்க வடிவில் நிற்பதால், பழங்காலத்தில் அது இலிங்கபர்வதம் எனப் பெயர் பெற்றது. சிவனுக்காகக் கெமர் மன்னர்கள் எழுப்பிய அக்கோயில் பின்னாளில் பௌத்த வழிபாட்டிடம் ஆயிற்று. இந்தியத் தொல்லியல் துறையும் அங்குச் சீரமைப்புப் பணி மேற்கொண்டுள்ளது. தமிழ் நெஞ்சம் கொண்ட எவரும் காண விரும்பும் இடம் அது. ஆனால், அங்குச் சென்று திரும்பினால் போன்சவானுக்கு இரண்டு நாள்களே எஞ்சும். ஆசிரியர் ஈரிடங்களையும் தாளில் எழுதி, ஒருவார காலம் எண்ணிப் பார்த்து, வாட் பூவின் பெயரை அடித்தார். முதற்பயணத்தில் ஒருநாள் பெற்ற போன்சவானுக்கு இம்முறை ஆறு நாள்கள் கிடைத்தன.

அந்த ஆறு நாள்களின் பயன் என்ன? குண்டு அகற்றும் பணியை அறிந்துகொள்வது முதன்மையானது. வயலைக் கயிறு கட்டிச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து, உலோகம் உணரும் கருவியைத் தரைக்கு மேலே அசைத்தபடி ஒவ்வோர் அடியாக முன்னேறுவர். ஒலி கேட்ட இடத்தில் கையால் மெல்ல மண்ணை விலக்குவர். ஆணியும் தகரமும் கிடைக்கும். சில வேளை குண்டும் கிடைக்கும். இப்பணியில் அம்மாகாணத்துப் பெண்கள் பலர் ஈடுபட்டுள்ளனர். 1996 முதல் அரசின் அமைப்பும் பிற நாட்டுத் தொண்டு நிறுவனங்களும் இதனைச் செய்துவருகின்றன. பள்ளிகளில் குண்டுகளைக் கண்டால் தொடாது விலகி, பெரியோரிடம் தெரிவிக்கக் கற்பிக்கின்றனர். ஆண்டுக்கு முந்நூறு அளவில் இருந்த பாதிப்பு இம்முயற்சிகளால் பெரிதும் குறைந்தது. எனினும், துப்புரவு செய்யப்பட்ட நிலம் இன்றும் ஒரு சிறு பகுதியே.

மற்றொன்று ஒரு கரண்டியைப் பற்றியது. போன்சவானுக்கு அருகிலுள்ள நாப்பியா சிற்றூரில், போரில் எஞ்சிய அலுமினியத்தை உருக்கிக் கரண்டி வார்க்கின்றனர். கொல்ல வந்த உலோகத்தை உண்ணும் கருவியாக்கிய அம்மக்களின் அறிவு போற்றத்தக்கது. ஒரு கரண்டியை வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு வருவாய் கிடைக்கும். ஆனால், இத்தகைய பொருள்களுக்கு விலை கூடினால், உலோகம் தேடிப் பாதுகாப்பற்ற நிலத்தில் சிலர் இறங்கக்கூடும் என்று அஞ்சுவோரும் உளர். இரு கூற்றிலும் உண்மை இருக்கிறது. குண்டு அகற்றும் பணியாளரிடம் கேட்டறிந்து, உலோகம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த பின்னரே வாங்குவது என ஆசிரியர் முடிவு செய்துள்ளார். ஐயம் தீராவிடில், அம்மாகாணத்துப் பெண்கள் நெய்த துணியை வாங்கலாம்.

முதற்பயணத்துக்கு 'சபாய்தீ' என்னும் வணக்கமும் 'கோப் சாய்' என்னும் நன்றியும் போதுமானவையாக இருந்தன. இம்முறை அவர் நாற்பது சொற்களைக் கற்றுவருகிறார். 'நா' என்றால் வயல். 'காவ்' என்றால் அரிசி. கேட்க வேண்டிய வினா நெல்லைப் பற்றியதாக இருக்கும்போது, அவ்விரு சொற்களும் தெரியாமல் செல்வது முறையன்று.

சென்று வந்தவரின் கடமை

பழந்தமிழில் ஆற்றுப்படை என்றொரு நூல்வகை உண்டு. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிரே வரும் கலைஞருக்குச் செல்லும் வழியை எடுத்துரைப்பதே அதன் அமைப்பு. அவ்வகையில் அமைந்த மலைபடுகடாம், வழியின் அழகை மட்டும் கூறி நிற்பதில்லை. விலங்குகளுக்கு வைத்த பொறிகள், பாம்பு உறையும் இடங்கள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் என வழியிலுள்ள இடர்களையும் ஒவ்வொன்றாகக் கூறி எச்சரிக்கிறது. எங்கே உணவு கிடைக்கும், அங்குள்ளோரிடம் எவ்வாறு பேச வேண்டும் என்பதையும் சொல்கிறது. இனிமையை மட்டும் சொல்லி இடரை மறைப்பது வழிகாட்டுதல் ஆகாது என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

லாவோசிலும் சென்று வருவோரைக் குறித்து ஓர் அழகிய சடங்கு உண்டு. மனித உடலில் முப்பத்திரண்டு உயிர்க்கூறுகள் உறைகின்றன என்பதும், தொலைவான பயணங்களில் அவை உடலை விட்டு அலைந்து திரியும் என்பதும் அம்மக்களின் நம்பிக்கை. ஆகவே, புறப்படுவோருக்கும் திரும்பி வருவோருக்கும் 'பாசி' என்னும் சடங்கைச் செய்து, பெரியோர் மணிக்கட்டில் வெண்ணிற நூலைக் கட்டுவர். அலைந்த உயிர்க்கூறுகளை அழைத்து, உடலோடு பிணைப்பதே அதன் கருத்து. அந்நூலைக் குறைந்தது மூன்று நாள்களேனும் அவிழ்க்காமல் அணிந்திருத்தல் மரபு.

ஆசிரியரின் பயணத் திட்டம் இப்போது முடிவுற்றுள்ளது. ஆறு நாள்களில் அவர் காண இருக்கும் இடங்களுள் புகழ்பெற்றவை சிலவே. அறுவடை நடக்கும் வயல்கள், துப்புரவு செய்யப்பட்டு உரியவரிடம் ஒப்படைக்கப்பட்ட நிலங்கள், இன்னும் சிவப்புப் பக்கத்திலேயே இருக்கும் மேடுகள் ஆகியவை அவரது பட்டியலில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே வினா எழுதப்பட்டுள்ளது: இங்கே நெல் விளைகிறதா? விடை எதுவாயினும் அதனை ஒரு வகுப்பறைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்த மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள். அவள் அமர்ந்திருந்த இருக்கையில் இன்று வேறொருவர் அமர்ந்திருக்கிறார். அவருக்கும் அவ்விடை உரியது.